குறையா, குற்றமா?

களத்திலே நெல் காய்ந்துகொண்டிருந்தது. தை மாதத்து வெயில்தான். ஆயினும் கிழக்கே ஒரு மூட்டம். தஞ்சைப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் நண்பரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். நண்பரின் தாயார், எழுபதைக் கடந்த மூதாட்டி, வானத்தையும் நெல்லையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கல்லூரியில் படிக்கும் பேரனைக் கூப்பிட்டார்.

"ஏய்யா, ஒன் போனத்தான் கேளேன். நாளைக்கு மழ வருமா வராதான்னு அது சொல்லும்னியே?"

"நீயே கேளு அப்பாயி. அதுக்குத் தமிழ் தெரியும்" என்று கைப்பேசியை நீட்டினான் பேரன்.

அம்மூதாட்டி அதனருகே குனிந்து, ஊர்ப் பெரியவரிடம் வழக்குரைப்பது போன்ற பணிவோடு கேட்டார்: "நாளக்கி மழ கிழ வருமாய்யா? நெல்ல அள்ளிப்புடலாமா, கெடக்கட்டுமா?"

கருவி சற்று யோசித்தது. பிறகு, மழையைப் பற்றிய ஒரு திரைப்படப் பாடலைப் பாடத் தொடங்கியது!

பேரன் சிரித்தான். "அப்படிக் கேட்டா அதுக்குப் புரியாது அப்பாயி. 'நாளை வானிலை எப்படி இருக்கும்'னு கேக்கணும்." இன்ஸ்பெக்டர் வந்த வகுப்பிலே பாடம் ஒப்பிக்கும் குழந்தைபோல அந்தச் சொற்களை அவர் சொல்லிப் பார்த்தார். நாக்குப் புரளவில்லை. இரண்டாம் முறையும் தோல்வி. இறுதியில் பேரன் ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள் சொன்னான். பளிச்சென வந்தது பதில்.

அம்மூதாட்டி கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்குத்தான்யா பேசத் தெரியல" என்று சொல்லிவிட்டு, நெல்லை அள்ளப் போய்விட்டார்.

பேசத் தெரியவில்லையாம், அவருக்கு! நடவு வயலில் நின்ற இடத்தில் பாட்டுக் கட்டிப் பாடியவர். கூலி குறைத்த பண்ணைக்காரரை நாலு பேர் நடுவில் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டவர் என்று நண்பர் பெருமையோடு சொல்வார். கேட்கத் தெரியாதது கருவி. கூனிக் குறுகியது அவர். யாருக்கு வரவேண்டிய வெட்கம், யார் முகத்தில் வந்து உட்கார்ந்தது, பார்த்தீர்களா தோழர்களே!

இதை ஒரு பெரிய செய்தியாக எழுதலாமா என்று நகைப்போர் உண்டு. "கருவிதானே ஐயா! அதற்கென்ன சாதி தெரியுமா, மொழிப் பகை தெரியுமா? இன்று புரியாதது நாளை புரியும். இது குறை, குற்றம் அல்ல" என்கிறார்கள். இந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். கல்லுக்கு வரம் தரவும் தெரியாது, சாபமிடவும் தெரியாது என்று மேடைதோறும் முழங்கியவர்கள் நாம். அதே நாவினால் சிலிக்கன் சில்லுக்கு வஞ்சகம் உண்டு என்று சொல்வோமானால், நம் பகுத்தறிவு என்னாவது? கருவியின்மீது குற்றமில்லை. அதைச் செய்தவர்களும், நான் அறிந்தவரையில், எந்த மூதாட்டியையும் வெறுத்தவர்கள் அல்லர். அப்படியானால் கேள்வி இதுதான்: பகைப்பவன் ஒருவன்கூட இல்லாத இடத்திலே அநீதி இருக்க முடியுமா?

விடை காணுமுன், அந்தக் கருவி எப்படிக் கற்கிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். நான்கு வேலைகளின் கோவை அது. ஒலியைக் கேட்டு எழுத்தாக்க வேண்டும், எழுத்திலிருந்து கேட்டவரின் நோக்கத்தை அறியவேண்டும், விடையைத் தேடவேண்டும், தேடியதைக் குரலாக்கித் திருப்பித் தரவேண்டும். முதல் வேலையில் சறுக்கினால் மற்ற மூன்றும் பாழ். அந்த முதல் வேலைக்கு யாரும் அதற்கு நன்னூல் நடத்துவதில்லை. மனிதர் பேசிய பேச்சையும் அப்பேச்சின் எழுத்து வடிவையும் சேர்த்து, ஆயிரக்கணக்கான மணி நேரம் ஊட்டுகிறார்கள். ஊட்டப்பட்ட குரல் எதுவோ, அதுதான் அதற்கு மனிதக் குரல். ஊட்டப்படாத குரல், வெறும் இரைச்சல். 2022-ஆம் ஆண்டில் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட விஸ்பர் என்னும் பேச்சறி பொறி 680,000 மணி நேரக் குரலை உண்டு வளர்ந்தது. அதிலே, ஆங்கிலம் நீங்கலான 96 மொழிகளைக் கேட்டு அந்தந்த மொழியிலேயே எழுதப் பழக்கிய பங்கு 117,000 மணி. பந்தியில் யார் முதல் வரிசை, யார் எச்சில் இலைக்குக் காத்திருப்போர் என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடும்.

வரிசை எப்படி அமைந்தது? ஆப்பிள் நிறுவனத்தின் சிரி 2011-இல் வந்தபோது ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்றே மொழிகள். பின்லாந்து மக்களின் மொழிக்கு 2016-இல் கதவு திறந்தது. அந்நாட்டு மக்கள்தொகை ஏறத்தாழ 55 லட்சம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 6.9 கோடிப் பேர் பேசும் தமிழுக்கு, ஆங்கிலத்தோடு கலந்து கேட்கும் வசதியாக, 2024-இல்தான் அது செவி கொடுத்தது. பின்லாந்துக்காரர்மீது நமக்கு எள்ளளவும் பொறாமை இல்லை. சின்னஞ்சிறு மொழியும் சிறப்போடு வாழட்டும். ஆனால் தலைகளை எண்ணி வரிசை அமைக்கவில்லை, பைகளைத் தடவிப் பார்த்து அமைத்தார்கள் என்பது விளங்குகிறது அல்லவா?

"வணிகன் வணிகம்தானே செய்வான்!" என்பார்கள். சரி, வணிகம் என்றே வைத்துக்கொள்வோம். வணிகத்தால் மட்டும் விளக்கமுடியாத செய்தி ஒன்று இருக்கிறது. 2020-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பேச்சறி பொறிகளைச் சோதித்தார்கள். மொழி ஒன்றே, ஆங்கிலம். நாடு ஒன்றே, அமெரிக்கா. வெள்ளையர் பேசிய நூறு சொற்களில் சராசரியாக 19 சொற்களைப் பிழையாக எழுதின அப்பொறிகள். கறுப்பின மக்கள் பேசிய நூறு சொற்களில் 35! ஐந்து நிறுவனங்களில் ஒன்றுகூட விலக்கில்லை. கறுப்பர் பேச்சை எழுதாதே என்று எந்த முதலாளியும் ஆணையிடவில்லை. கைக்கு எட்டிய குரலை எடுத்து ஊட்டினார்கள். கைக்கு எட்டியது யார் குரல்? அவர்களைப் போன்றோர் குரல். எட்டாதது யார் குரல்? அதைக் கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

இந்தத் 'தோன்றாமை' நமக்குப் புதிதா? சேரிக்குச் சாலை போடாத அதிகாரிகள் எல்லாருமே சேரியை வெறுத்தவர்களா? பலருக்கு வெறுப்பே கிடையாது. வரைபடத்தை விரித்தார்கள், கோடு போட்டார்கள், ஊர் முடிந்த இடத்தில் கோட்டையும் முடித்தார்கள். கேட்டால், "அப்பாலும் மனிதர் இருக்கிறார்களா! அடடா, அடுத்த திட்டத்தில் பார்ப்போம்" என்பார்கள். நெஞ்சிலே நஞ்சு இல்லை. கணக்கிலே ஆள் இல்லை. அறிந்துகொள்ளும் ஆற்றலும், கேட்டுப் பார்க்கும் வசதியும், செய்து முடிக்கும் செல்வமும் ஒருவனிடம் இருந்தும், இன்னார் இருக்கிறார் என்று எண்ணிப் பார்க்காமலே அவன் ஒன்றைக் கட்டி எழுப்பினால், அங்கே குறை குற்றமாக முதிர்கிறது. வெறுப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதுவரை கைதட்டிய தோழர்கள், இனிச் சொல்லப்போவதையும் கேட்கவேண்டும். விரல் இனி நம்மை நோக்கித் திரும்புகிறது.

தமிழ் கேட்கும் கருவி வேண்டும் என்றோம். கூகுளின் குரல்வழித் தட்டச்சு 2017-இல் தமிழுக்கு வந்தது. அதன் உதவியாளர் 2019-இல் வந்தது. மகிழ்ந்தோம். ஆனால் எந்தத் தமிழ்? யாருடைய தமிழ்? நாம் எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று. செய்தி படிப்பவர் தமிழும் மேடைத் தமிழும் கருவிக்கு எளிதிலே ஊட்டப்பட்டன. எழுத்தோடு ஒட்டி நடக்கும் குரல் அது. 'அள்ளிப்புடலாமா' என்பதை ஊட்டியவர் யார்? நெல்லையின் இழுப்பும், கொங்கின் குழைவும், குமரியின் வேகமும், வடாற்காட்டுக் கூலித் தொழிலாளியின் குறுக்கலும் அதன் செவிக்கு எட்டினவா? மேடைகளிலே அடுக்குமொழி பேசி மக்களை ஈர்த்த மரபினர் நாம். அந்த அடுக்குமொழி அம்மூதாட்டிக்குப் புரிந்தது. அவர் மொழி நமக்கும் புரிந்ததா, அதைத் தமிழென்று நாம் மதித்தோமா என்று கேட்டால், முழு நேர்மையோடு ஆம் என்று சொல்ல என்னால் முடியாது. 'கொச்சை' என்ற சொல்லை நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்.

முடியாத காரியமும் அல்ல இது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவினர் 2024-இல் வெளியிட்ட இண்டிக்வாய்சஸ் என்ற குரல் தொகுப்பு, 22 மொழிகளில், 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேரிடமிருந்து 7,348 மணி நேரம் திரட்டியது. எண்ணிக்கையை விட எனக்கு முதன்மையாகப் பட்டது வேறு: அதில் தாளைப் பார்த்துப் படித்த குரல் நூற்றுக்கு 9 பங்குதான். 74 பங்கு, மனிதர் தம் போக்கில் பேசிய பேச்சு. மீதி, இருவர் உரையாடியது. மாவட்டம் மாவட்டமாகப் போனால் மக்கள் பேசுகிறார்கள். போகவேண்டும், அவ்வளவுதான்.

மற்றொன்று, கலப்பு. 2018-இல் கூகுள், ஒரே வீட்டில் இரு மொழி கேட்கும் உதவியாளரை அறிவித்தது. ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம், ஜப்பானியம் ஆகியவற்றுள் எவையேனும் இரண்டு. இரண்டு பேச்சறி பொறிகள் ஒரே நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். பேசப்பட்டது எந்த மொழி என்று முடிவானதும் ஒன்று விலகிக்கொள்ளும். திறமைதான். ஆனால், ஒரு மனிதன் ஒரு வாக்கியத்தை ஒரே மொழியில்தான் பேசுவான் என்ற நம்பிக்கை அதற்குள் ஒளிந்திருக்கிறது. "மோட்டார ஆஃப் பண்ணிட்டு வால்வத் தொற" என்கிறான் நம் உழவன். இரு பொறிகளும் திகைத்து நிற்கவேண்டியதுதான்!

"நன்றாகத் திகைக்கட்டும், அப்போதாவது தமிழன் தூய தமிழ் பேசுவான்" என்று ஒரு புலவர் நண்பர் என்னிடம் சொன்னார். ஏட்டிலே தூய தமிழ் வேண்டும் என்பதில் அவருக்கு நான் இளைத்தவன் அல்லன். ஆனால் குளித்துவிட்டு வா, அப்போதுதான் உள்ளே விடுவேன் என்று வாயிலில் நின்று சொன்னவர்களை நாம் என்ன செய்தோம்? சொல்லைக் கழுவிக்கொண்டு வா, அப்போதுதான் செவிசாய்ப்பேன் என்று ஒரு கருவி சொன்னால் மட்டும் ஏற்போமா? உழவனின் மொழியை வளர்ப்பதற்குப் பள்ளி இருக்கிறது, ஏடு இருக்கிறது. தண்ணீர்க் குழாயைத் திறக்கும் நேரத்தில் அவனுக்குத் தேர்வு வைக்கக்கூடாது.

மேற்சொன்ன 22 மொழிகள், அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சமஸ்கிருதத்தைத் தம் தாய்மொழியாகக் குறித்தவர் 24,821 பேர். அட்டவணையில் அதற்கு இடமுண்டு. ஆகவே குரல் திரட்டிலும் இடமுண்டு. கோண்டி பேசுவோர் அதே கணக்கெடுப்பில் ஏறத்தாழ 29.8 லட்சம். நம் மொழிக் குடும்பத்துப் பிள்ளை அது. மத்திய இந்தியாவின் காடுகளிலும் குன்றுகளிலும் வாழும் பழங்குடி மக்களின் மொழி. அட்டவணையில் அதற்கு இடமில்லை. துளுவுக்கும் இல்லை. நீலகிரியின் படுகர் மொழிக்கும் இருளர் மொழிக்கும் இல்லை. எங்களை உள்ளே விடு என்று கதவைத் தட்டிய நாம், உள்ளே போனதும் கதவைச் சாத்திக்கொண்டோமா என்று கோண்டு இளைஞன் கேட்டால் என்ன சொல்வது?

சரி, குரலைத் திரட்டுவது என்றே வைத்துக்கொள்வோம். திரட்டிய குரல் யாருடையது? கேள்வி இங்கேதான் கடினமாகிறது. இதை மிகக் கூர்மையாகக் கேட்டவர்களைக் காண நியூசிலாந்து வரை போகவேண்டும்.

அந்நாட்டின் மண்ணின் மைந்தர்களான மாவோரி மக்கள்மீது, 1867-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தைச் சுமத்தியது. பள்ளியில் தாய்மொழி பேசிய குழந்தைகள் அடிபட்டார்கள். அடிபட்ட குழந்தைகள் வளர்ந்து தாய் தந்தையரானபோது, நம் பிள்ளைக்கு இந்த அடி வேண்டாம் என்று தம் மொழியை வீட்டிலேயே விழுங்கிக்கொண்டார்கள். 1972-இல் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் நாடாளுமன்றம் சென்றது. 1987-இல்தான் அம்மொழி ஆட்சிமொழித் தகுதி பெற்றது. வடகோடியில் உள்ள கைத்தாயா என்ற சிற்றூரில் தே ஹிக்கு மீடியா என்ற மாவோரி வானொலி நிலையம் நடக்கிறது. மொழியைப் பழுதின்றிப் பேசிய முதியோர்களின் குரல்கள் அங்கே ஆண்டாண்டுக் காலமாகப் பதிவாகிக் குவிந்துகிடந்தன. அவற்றை எழுத்தாக்க ஒரு பொறி தேவைப்பட்டது. பெரிய நிறுவனங்களின் வரிசையில் நின்று காத்திருக்கவில்லை அவர்கள். தாமே செய்யப் புறப்பட்டார்கள். 2018-இல் மக்களை அழைத்தார்கள். பத்தே நாளில், ஏறத்தாழ 2,500 பேர், 310 மணி நேரக் குரலைத் தந்தார்கள்! எந்த மொழியைப் பேசியதற்காகத் தாத்தனும் பாட்டியும் அடிவாங்கினார்களோ, அந்த மொழியை ஒரு பொறிக்குக் கற்பிக்கப் பேரப்பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

செய்தி பரவியதும் விலை பேச வந்தார்கள். மணிக்கு இவ்வளவு டாலர், குரலைக் கொடுங்கள் என்றார்கள். கொடுக்க மறுத்துவிட்டது அந்த வானொலி. நிலத்தைப் பிடுங்கினார்கள், மொழியைப் பிடுங்கினார்கள், இப்போது அந்த மொழியையே எங்களுக்கு விற்பதற்காகக் குரலையும் கேட்கிறார்கள் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். குரலுக்கு உரிமையாளர் என்று எவரும் இல்லை, காவலர்தான் உண்டு என்னும் தம் மரபுக் கருத்தைக்கொண்டு ஓர் உரிமமே வகுத்தார்கள்: மாவோரி மக்களுக்குப் பயன்படும் பணிக்கே அந்தக் குரல்.

இங்கே எனக்கு ஒரு தயக்கம் உண்டு; மறைக்க விரும்பவில்லை. அறிவு பொதுச் சொத்து என்பது நம் கொள்கை. சிலரே ஓதலாம், சிலரே கேட்கலாம் என்று ஏட்டைப் பூட்டி வைத்தவர்களை எதிர்த்தே நாம் வளர்ந்தோம். மாவோரிகளின் பூட்டு மட்டும் நல்ல பூட்டா? பல நாள் எண்ணிப் பார்த்தேன். ஓதியவன் ஏட்டைப் பூட்டியது, இல்லாதவனுக்குக் கிடைக்கக்கூடாது என்பதற்காக. இல்லாதவன் தன் குரலைக் காப்பது, இருப்பவன் மேலும் அள்ளக்கூடாது என்பதற்காக. இரண்டும் ஒன்றாகா என்றே நினைக்கிறேன். ஆயினும் பூட்டு நெடுங்காலம் நல்லதாகவே இருக்கும் என்று உறுதி கூற மாட்டேன். சாவி யார் கையில், அவர் யாருக்குக் கணக்குக் காட்டுகிறார் என்பதைப் பொறுத்தது அது. இன்னொன்றும் உண்டு. ஆறு கோடிக்கு மேற்பட்டோர் பேசும் மொழிக்கும், அடக்கப்பட்ட சிறுபான்மையினர் மொழிக்கும் ஒரே சட்டம் பொருந்தாது. நம் குரல்கள் ஏற்கெனவே திரைப்படத்தில், வானொலியில், இணையத்தில் இறைந்துகிடக்கின்றன; கேட்காமலே அள்ளிக்கொள்ள வழி திறந்திருக்கிறது. பூட்டுவதற்கு நம்மிடம் கதவே இல்லை. நாம் கேட்கக்கூடியது, எம் மக்கள் குரலில் வளர்ந்த கருவி எம் மக்களுக்கு எட்டும் விலையில், எம் மக்கள் பேசும் பேச்சில் பணிசெய்கிறதா என்ற கணக்கு. அந்தக் கணக்கை இன்று எவரிடம் கேட்பது? கேட்பதற்கு ஓர் அவையும் இல்லை, அமைப்பும் இல்லை. நம் இளைஞர்கள் உடனே கவனிக்கவேண்டிய இடம் இது.

அந்தத் தஞ்சைச் சிற்றூருக்குச் சென்ற மாதம் மீண்டும் போயிருந்தேன். பேரன் மாறியிருந்தான். அன்று சிரித்தது அவனை உறுத்தியிருக்கவேண்டும். தமிழ்க் குரல் திரட்டும் தளம் ஒன்றைக் கண்டுபிடித்து, "அப்பாயி, ஒன் குரலக் குடுத்தா, இனிமே அதுக்கு நீ பேசுறது புரியும்" என்று கைப்பேசியை அவர் முன் வைத்தான். அவருக்கும் ஆசைதான். தலைமுடியைக் கோதிக்கொண்டு, படம் எடுத்துக்கொள்ளப் போகிறவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

திரையிலே ஒரு வாக்கியம் தோன்றியது. அதை உரக்கப் படிக்கவேண்டும், படித்தால்தான் பதிவாகும்.

பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் அல்லர் அவர். அவர் சிறுமியாக இருந்த நாளில் அந்தத் தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர் யார்? திரையை நெடுநேரம் பார்த்தார். பிறகு பேரனைப் பார்த்து, "படிக்கத் தெரிஞ்சவுக கொரலு மட்டுந்தான் அதுக்கு வேணுமாய்யா?" என்று கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான்.